மழைக்கு ஆடும் விராட பர்வம்

வட ஆற்காட்டுத் தெருக்கூத்தில் மழை வேண்டி ஆடப்படுவது விராட பர்வம். மாடுபிடி சண்டை என்றும் சொல்வார்கள். திரௌபதி அம்மன் கோயில்களின் பாரத விழா பங்குனியில் தொடங்கிக் கோடை நெடுக நடக்கும். பாலாறு வெறும் மணலாய்க் கிடக்கும் மாதங்கள் அவை.

மழைக்கும் ஆட்டத்துக்குமான தொடர்பு கதையிலேயே இருக்கிறது. அஞ்ஞாதவாசத்தில் மறைந்திருக்கும் பாண்டவர்களை எங்கே தேடுவது என்று கௌரவர் சபை யோசிக்கிறது. தருமன் வாழும் நாட்டில் பருவம் தப்பாமல் மழை பெய்யும், மாடு கன்று பெருகியிருக்கும் என்கிறார் பீஷ்மர். இந்த நம்பிக்கையில்தான் ஊர் கூடிக் கூத்து விடுகிறது. விராடனின் மாடுகளைக் கௌரவர் கவரும் கட்டத்துக்குச் சில ஊர்களில் நிஜ மாடுகளையே ஓட்டி வருவார்கள்.

உத்தரனுக்குத் தேரோட்ட வந்த பிருகன்னளை, வன்னி மரத்தில் ஒளித்த ஆயுதங்களை எடுத்து அர்ச்சுனனாகும் இடம் ஆட்டத்தின் உச்சம். முகவீணையின் கூரிய நாதம் திறந்த வெளியைத் தாண்டிக் கேட்கும். ஆடுகிறவரே உச்ச சுருதியில் பாடவும் வேண்டும். அவர் விட்ட அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் சுமந்து சுழல்கிறவருக்கு மூச்சு வாங்கக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான். மிருதங்கமும் டோலக்கும் அதற்குள் நடையை முடுக்கிவிடும்.

மழை பொய்த்தால் கொடும்பாவி இழுப்பது இன்னொரு வழக்கம். வைக்கோல் உருவத்தைத் தெருத்தெருவாக இழுத்து, பறை முழங்க, பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்து, கடைசியில் ஊருக்கு வெளியே எரிப்பார்கள். வானம் வறண்டதற்கு ஒரு மகாபாவி காரணம் என்பது நம்பிக்கை. கூத்து தருமனைத் தேடுகிறது, கொடும்பாவி குற்றவாளியைத் தேடுகிறது. மழையை மனிதர் நடத்தையோடு சேர்த்துப் பார்ப்பதில் இரண்டும் ஒன்றே.

ஆனால் இந்த மண்ணின் பெருங்கேடு வறட்சி மட்டுமல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் ஷெட்களில் ஒரு கிலோ தோல் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாவதாகவும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ கெட்டதாகவும் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் பதிவு செய்தது.

தோல் கழிவால் கிணற்று நீர் கெட்டதற்கு மழைச் சடங்கு மட்டும் போதாது. அதற்கான பாட்டு எப்படி இருக்கலாம் என்பதற்கு அண்மைக்கால முன்னுதாரணம் 2017 ஜனவரியில் வெளியான சென்னைப் புறம்போக்குப் பாடல். எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைக் கபேர் வாசுகி சென்னைப் பேச்சுமொழியில் எழுத, ஆர்.கே.ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக அமைக்க, டி.எம்.கிருஷ்ணா பாடினார். கச்சேரி ராகங்கள் அதில் சாம்பல் மேட்டில் நின்று குற்றம் சாட்டின.

பாலாற்றுக்கு அந்த வேலையைச் செய்யக் கூத்திலேயே இடம் இருக்கிறது. கதைக்கு நடுவே அன்றைய ஊர் நடப்பைப் பேசவும், ராஜாவையே மறித்துக் கேள்வி கேட்கவும் கூத்தின் கோமாளியான கட்டியங்காரனுக்கு மரபு உரிமை கொடுத்திருக்கிறது.