வி.பி.எல்.எஸ்.: இரு மரபும் ஒரு முறைப்பாடும்

தொலைவிலுள்ள இடங்களை ஒரே ஈதர்நெட் வலையமைப்பாக இணைக்கும் வி.பி.எல்.எஸ். முறையில், 2007 ஜனவரியில் வெளியான இரு ஆர்.எஃப்.சி. ஆவணங்களிலிருந்து இரு மரபுகள் கிளைத்ததை நம் சங்கத்தின் அங்கத்தவர் அறிவர். கொம்பெல்லா, ரெக்டர் இருவரும் வகுத்த 4761 பி.ஜி.பி. வழி, லசேரும் இன்னொரு கொம்பெல்லாவும் வகுத்த 4762 எல்.டி.பி. வழி. நம் மூத்தோர் பின்னதைச் சேர்ந்தவர்கள். ஒவ்வொரு அயல் ரவுட்டரையும் கையால் எழுதுபவனுக்கே எந்தச் சூடோவயர் (இரு ரவுட்டர்களை இணைக்கும் மெய்நிகர் கம்பி) எங்கே முடிகிறது என்பது மனதில் நிற்கும் என்பது அவர்கள் கொள்கை. பத்து ரவுட்டருக்கு 45 சூடோவயர். பதினோராவது வந்தால் முன்னைய பத்தையும் திறக்க வேண்டும். இது வீண்வேலை என்பார் மறுதரப்பினர். கணக்குச் சரிதான். ஆனால் பி.ஜி.பி. வழியில் ரவுட்டர்கள் ஒன்றையொன்று தானே கண்டுகொள்ளும் முறை தவறையும் தானே பரப்பும். எந்த ரவுட்டர் எந்த வலையமைப்பைச் சேர்ந்தது எனக் குறிக்கும் ரூட் டார்கெட்டில் ஓர் இலக்கம் பிசகினால் ஒரு வாடிக்கையாளரின் வலையமைப்பு இன்னொருவருடையதோடு கலந்துவிடும். கைமுறையில் பிழை பெரும்பாலும் இரு முனைகளுக்குள் அடங்கும். தேடலைப் பி.ஜி.பி.யிடமும் சமிக்ஞையை எல்.டி.பி.யிடமும் விட 2011இன் ஆர்.எஃப்.சி. 6074 இடமளித்ததால், இரு மரபினரின் பகையும் இன்று பாதி பழங்கதையே.

உண்மையான தரம் வேறிடத்தில் இருக்கிறது. ஊவாவின் பசறை, லுணுகலை, பிபிலை வீதியில் மண் சரிந்தால் கேபிளும் போகலாம் என்பதால், தோட்டக் காரியாலயத்துக்கு இரு இணைப்புக் கொடுப்பது விவேகம். ஆனால் ஒரு சூடோவயரில் வந்ததை இன்னொரு சூடோவயரில் அனுப்பாத ஸ்பிளிட் ஹொரைசன் விதி காப்பது மையத்தை மட்டுமே. வாடிக்கையாளர் பக்கத்து இரட்டை இணைப்பில் சுற்று உருவானால் அது தடுக்காது. அங்கே ஸ்பானிங் ட்ரீயோ, ஒன்றை ஓய்வில் வைக்கும் ஏற்பாடோ வேண்டும். மெக் முகவரிகளுக்கு வரம்பு வேண்டும். இரு முனை எம்.டி.யு.வும் (அனுப்பக்கூடிய பொதியின் உச்ச அளவு) ஒத்திருக்க வேண்டும், எல்.டி.பி. வழியில் ஒவ்வாவிட்டால் சூடோவயர் எழவே கூடாது என்பது விதி. இதையெல்லாம் வி.பி.எல்.எஸ்.க்குப் பின் வந்த 2015இன் ஈ.வி.பி.என். தரநிலை தீர்த்துவிட்டதே என்பார்கள். பல்லிணைப்பை அது அழகாகக் கையாள்கிறது, மறுக்கவில்லை; ஆனால் எம்.டி.யு.வை எண்ணிப் பார்க்கும் பொறுப்பை அது யாரிடமிருந்தும் எடுத்துக்கொள்ளவில்லை.

எவரையும் சுட்டவில்லை, எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இடைமுகத்தின் டிஸ்கிரிப்ஷன் வரி இப்போது வெறுமையாகவே விடப்படுகிறது. நம் மூத்தோர் எந்த வாடிக்கையாளர், எந்த முனை, எந்தத் திகதி என எழுதாமல் ஓர் இடைமுகத்தையும் திறந்ததில்லை. இன்று வார்ப்புருவை ஒட்டிவிட்டு எழுந்துபோகிறார்கள். ஒரு வரி எழுதச் சோம்புபவர் எம்.டி.யு.வைச் சரிபார்ப்பாரா? தன் வேலைக்குப் பெயரிடாதவர் அதற்குப் பொறுப்பேற்பாரா? பொறுப்பேற்காத தலைமுறையிடம் ஊவாவின் வலையமைப்பை மட்டுமல்ல, இச்சங்கத்தையே எப்படி ஒப்படைப்பது? இது சிறிய விடயம் என்பாருக்கு என் பதில்: இரவில் பழுது பார்க்க வருபவருக்கு அந்த ஒரு வரியைத் தவிர வேறு ஆசான் இல்லை. டிஸ்கிரிப்ஷன் இல்லாத அமைப்பை முடிந்த வேலையாக ஏற்பதில்லை எனச் சங்கம் தீர்மானிக்க வேண்டும்; எந்த மரபினர் எழுதினாலும்.