தண்ணீர் ஊற்றக் கூடாத பானை

மண்பானை வாங்கும்போது என்ன செய்வீர்கள்? விரலை மடக்கி ஒரு தட்டு தட்டுவீர்கள். 'டங்'கென்றால் வாங்கலாம். 'டொக்'கென்றால் எங்கேயோ விரிசல், கீழே வைத்துவிட வேண்டியதுதான். எனக்குத் தெரிந்த பானை விமர்சனம் இவ்வளவுதான். பி.காம். படித்தவனிடம் இதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். இந்த ஒரு ஞானத்தை வைத்துக்கொண்டுதான் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் அக்கோமா என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அல்புகர்க்கியிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் காரில் போக வேண்டும். நெடுஞ்சாலையில் உங்களை முதலில் வரவேற்பது ஒரு சூதாட்ட விடுதி. அக்கோமா மக்களே நடத்துவது. என்னை அழைத்துப் போன நண்பன், "உள்ளே போனா பானை வாங்கக் காசு இருக்காதுடா" என்று வண்டியை நிறுத்தாமல் தெற்கே திருப்பினான். வறண்ட சமவெளி. நடுவில், யாரோ கத்தியால் மேல் பக்கத்தைச் சீவிவிட்ட மாதிரி ஒரு மணற்கல் பாறை. சுமார் 365 அடி உயரம், நாலு பக்கமும் செங்குத்து. அதன் உச்சியில் ஊர். குறைந்தது எண்ணூறு வருடமாக அங்கே ஆள் குடியிருக்கிறது.

நினைத்தபடி ஏறிப் போய்விட முடியாது. அடிவாரத்தில் டிக்கெட் வாங்கி, அவர்கள் பஸ்ஸில், அவர்கள் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். கேமராவுக்குத் தனி அனுமதி, வீடியோ கூடவே கூடாது. நண்பன் முணுமுணுத்தான். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. நம் வீட்டு வாசலில் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கி எட்டிப் பார்த்தால் நாம் இதைவிடக் கடுமையான சட்டம் போடுவோம்.

மேலே மண்ணும் கல்லுமாகக் கட்டிய மாடி வீடுகள். வருடம் முழுக்கத் தங்குகிறவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் கீழே ரிசர்வேஷன் கிராமங்களில் இருந்துகொண்டு திருவிழாவுக்கு ஏறி வருகிறார்கள். மின்சாரக் கம்பி கிடையாது, குழாய் கிடையாது. பாறைக் குழிகளில் மழைத் தண்ணீர் தேங்கும். சுனை என்று நமக்கு அழகான வார்த்தை இருக்கிறதே, அதேதான். அந்தச் சுனையிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் கொண்டு வந்தது எது? பானை. யார் தலையில்? சொல்லவே வேண்டாம்.

அக்கோமா பானையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் மூன்று விஷயங்களைப் புகழ்வார்கள். சுவர் அத்தனை மெல்லிசு. வெள்ளைப் பூச்சின் மேல் கறுப்பில் மயிரிழைக் கோடுகள். அடிப்பாகம் உள்பக்கமாகக் குழிந்த அழகான வடிவம். எல்லாம் வாஸ்தவம். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று, ஏதோ ஓவியனின் கற்பனை மாதிரி இவற்றைப் புகழ்வதில்தான் எனக்குத் தகராறு. சுவர் மெல்லிசாக இருப்பது நளினத்துக்காக இல்லை. தண்ணீர் கனம், பானையும் கனமாக இருந்தால் கழுத்து என்னாவது? அடி குழிந்திருப்பது தலையில் உட்கார. சும்மாட்டுக்கான இடத்தைப் பானையிலேயே வைத்துச் செய்துவிட்டார்கள். அந்தக் கோடுகள் மழை என்கிறார்கள். மழையை நம்பி உயிர் வாழ்கிற பாறையில் வேறு எதை வரைவார்கள்? அழகு என்று நாம் சொல்கிற மூன்றுமே தாகத்தில் பிறந்தவை.

செய்முறையைக் கேளுங்கள். சக்கரம் கிடையாது. களிமண்ணைத் திரி திரியாக உருட்டி, ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றி, விரலால் அழுத்தி, சுரண்டிச் சுரண்டி மெல்லிசாக்குகிறார்கள். கறுப்புச் சாயம் ஒரு காட்டுச் செடியைக் கொதிக்கவைத்து இறக்கி, இரும்புக் கல்லை அரைத்துச் சேர்த்தது. தூரிகை, யுக்கா என்ற பாலைவனச் செடியின் நார். ஸ்கேல் இல்லை, பென்சில் குறி இல்லை. சாணம் மூட்டிச் சுடுவது பழைய வழக்கம். இன்று பலரிடம் மின்சாரச் சூளை இருக்கிறது.

இதில் என்னை அப்படியே நிறுத்திவிட்ட விஷயம் ஒன்று. வெறும் களிமண் சுடும்போது வெடிக்கும், அதனால் உடைந்த பழைய பானை ஓடுகளைப் பொறுக்கி, பொடியாக அரைத்துப் புது மண்ணில் பிசைகிறார்கள். அந்த ஓடு யாரோ ஒரு பாட்டி செய்த பானையாக இருக்கும். அந்தப் பானைக்குள் அவள் பாட்டி செய்த பானையின் பொடி இருக்கும். வரலாறு பேசும் எந்த மியூசியத்திலும் இப்படி ஒரு ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

அந்த வரலாறும் சாதாரணமானது இல்லை. 1598 டிசம்பரில் இங்கே வந்த ஸ்பானிய வீரர்களோடு சண்டை மூண்டு, பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். அடுத்த மாதமே, 1599 ஜனவரியில், கவர்னர் ஹுவான் தே ஒன்யாத்தே அனுப்பிய எழுபது பேர் பீரங்கியோடு வந்தார்கள். ஊர் அழிந்தது. செத்தவர்கள் சுமார் எண்ணூறு பேர் என்பது கணக்கு. பிடிபட்ட ஆண்களில் 25 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு பாதத்தை வெட்டவும், இருபது வருடம் அடிமை வேலைக்கும் தீர்ப்பு. நானூறு வருடம் கழித்து, நியூ மெக்ஸிகோவில் ஒன்யாத்தே குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் சிலையின் வலது பாதத்தை யாரோ ராத்திரியில் அறுத்துக்கொண்டு போனார்கள். 2020-ல் அந்தச் சிலையே அகற்றப்பட்டது.

மறுபடி ஏறி வந்து ஊரைக் கட்டினார்கள். 1629-க்குப் பிறகு பாதிரியார் சொல்படி பெரிய தேவாலயமும் கட்டினார்கள். அதன் உத்தரங்கள் தூரத்து மலைக் காட்டிலிருந்து தோளில் வந்தவை. பாறையில் பிணம் புதைக்க முடியாது என்பதால் கல்லறைக்கு வேண்டிய மண்ணையும் கீழேயிருந்து சுமந்தார்கள். யார் சுமந்தார்கள் என்று கட்டடக் கலைப் புத்தகங்கள் அவசரமாக ஒரு வரியில் சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போய்விடும்.

சரி, பானைக்கு வருவோம். 1880-களில் ரயில் வந்தது. தகர வாளியும் வந்தது. தண்ணீர்ப் பானைக்கு வேலை போயிற்று. ரயிலில் வந்த டூரிஸ்ட், பெட்டியில் அடங்குகிற குட்டிப் பானை கேட்டார். பானை சுருங்கியது. அந்தக் காலத்துப் பெரிய பானைகள் மியூசியங்களில் கிளியும் பூவுமாக உட்கார்ந்திருக்கின்றன, பெரும்பாலும் செய்தவள் பெயர் இல்லாமல். பிறகு லூசி எம். லூயிஸ், மேரி இசட். சீனோ போன்ற பெண்கள், ஆயிரம் வருடத்துக்கு முந்தைய மிம்ப்ரெஸ் பானைகளின் கோட்டு வேலையை மறுபடி கையில் எடுத்தார்கள். லூசி தன் பானையில் பெயர் எழுத ஆரம்பித்தது 1950 வாக்கில்தான். பெயர் வந்ததும் விலை வந்தது. இதை நான் குறை சொல்ல மாட்டேன். பெயரில்லாத காலத்தில் லாபம் யாருக்குப் போனது என்று தெரியாதா என்ன?

வீட்டு வாசல்களில் மேஜை போட்டுப் பெண்கள் விற்கிறார்கள். ஒரு மேஜையில் வழவழவென்று ஒரு பானை, கண்ணைச் சுழற்றும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், நாற்பது டாலர். பக்கத்தில் உள்ளங்கையில் அடங்குகிற இன்னொன்று, லேசாகக் கோணல், நூற்று எண்பது. என் பி.காம். மூளை உடனே வேலை செய்தது. பெரிசு, நேர்த்தி, மலிவு. பர்ஸைத் திறந்தேன். அந்த அம்மாள், நான் எதுவும் கேட்காமலே, "அது அச்சில் ஊற்றியது. கடையில் வாங்கினேன். கோடு மட்டும்தான் நான் போட்டது" என்றார்.

செவ்விந்தியர் செய்யாததைச் செவ்விந்தியர் செய்தது என்று சொல்லி விற்றால் அமெரிக்காவில் குற்றம், 1990-ல் சட்டமே போட்டார்கள். ஆனால் இவர் என்னிடம் சொன்னது சட்டத்துக்குப் பயந்து சொன்னதாகத் தெரியவில்லை. "உள்ளே விரல் விட்டுப் பாருங்கள்" என்றார். அச்சுப் பானையின் உள்பக்கம் டீ கப் மாதிரி ஒரே வழுவழுப்பு. கோணல் பானைக்குள் மேடும் பள்ளமும், அழுத்திய விரலின் தடமும். தட்டிப் பார்த்தேன். சின்னது கணீரென்றது. பெரியது ஏதோ சொன்னது, மரியாதைக்கு.

அச்சுப் பானையை மட்டம் என்று பேசும் சேகரிப்பாளர்கள் உண்டு. அவர்களோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஒரு கைப்பானைக்கு மண் தோண்டி, ஓடு அரைத்து, காயவைத்து, சூளையில் வெடிக்காமல் தப்பித்து வருவதற்குள் எத்தனை நாள் போகிறது! நாற்பது டாலர் பானைதான் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்கிறது. எனக்குக் குறை வேறு. அச்சுப் பானையில் கோடுகள் அளவுக்கு மீறி ஒழுங்கு. மழை அப்படிப் பெய்வதில்லை. கைப்பானையில் வளைவு திரும்பும் இடத்தில் கோடு லேசாகத் தடிக்கிறது. அங்கே அந்த அம்மாள் மூச்சு விட்டிருக்கிறார்.

எல்லாமே விற்பனைக்கு என்றும் நினைத்துவிடாதீர்கள். இந்த ஊரின் புனிதக் கேடயம் ஒன்று 2016-ல் பாரிஸில் ஏலத்துக்கு வந்தது. அது எங்கள் சொத்து, யாரும் விற்கக் கூடியது இல்லை என்று போராடி ஏலத்தை நிறுத்தி, 2019-ல் ஊருக்குத் திருப்பிக் கொண்டு வந்தார்கள். எதை மேஜையில் வைப்பது, எதை வைக்கக் கூடாது என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை.

கோணல் பானையைத்தான் வாங்கினேன். நண்பன், "நூத்தி எண்பதா?" என்று வானத்தைப் பார்த்தான். அந்த அம்மாள் செய்தித்தாளில் நாலு சுற்று சுற்றிக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு விஷயம் சொன்னார். "இதில் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். பூச்சு உரிந்து, பானையே பாழாகிவிடும்."

எட்டு நூற்றாண்டாகத் தண்ணீருக்கென்றே வடிவம் எடுத்து வந்த பானை. நான் ஏதோ கேட்க வாய் திறப்பதற்குள் அவர் அடுத்த பஸ்ஸில் வந்தவர்களிடம், "அது அச்சில் ஊற்றியது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.