தண்ணீருக்குக் கிடைத்த உறுதி

துறையூர், முசிறி, லால்குடிப் பேருந்துகள் வந்து நிற்கும் சத்திரம் பேருந்து நிலையத்தில் பெரிய பெட்டியோடு ஒரு இளைஞன் இறங்கினால், பக்கத்தில் இருப்பவர் கேட்பது ஒரே கேள்விதான்: “சிங்கப்பூரா, மலேசியாவா?” திருச்சி விமான நிலையத்திலிருந்து இரண்டுக்கும் நேரடி விமானம் உண்டு. இரண்டு இடத்திலும் தமிழ் பேசினால் பதில் கிடைக்கும். அந்த இரண்டும் 1963 செப்டம்பர் 16 முதல் 1965 ஆகஸ்ட் 9 வரை ஒரே நாடாக இருந்தவை என்பது பெட்டி தூக்கிப் போகிறவர்களில் பலருக்கு இன்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது. பெரிய நாட்டிலிருந்து பிரிந்துபோன சின்ன நாடு, பிரிந்த பிறகும் அந்தப் பக்கத்து நாட்டின் சட்டதிட்டங்களோடு எப்படிக் காலம் தள்ளுவது என்பது போன்ற கேள்வியை, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக முடிவெடுத்த பிரிட்டன் 2016இல்தான் தன்னைக் கேட்டுக்கொண்டது. சிங்கப்பூரிடம் அதற்கு அறுபது ஆண்டு அனுபவம் இருக்கிறது.

சிங்கப்பூரும் மலேசியாவும் கைக்கொண்ட வழி எளிமையானது. பொதுவான ஒன்றியம் கிடையாது, இருவருக்கும் மேலே ஒரு நீதிமன்றம் கிடையாது. தண்ணீருக்கு ஒரு உடன்படிக்கை, ரயில் நிலத்துக்கு இன்னொன்று, இப்போது பொருளாதார மண்டலத்துக்கு மற்றொன்று என்று விஷயத்துக்கு விஷயம் தனித்தனியாக எழுதிக்கொண்டார்கள். இந்த முறையில் பாராட்ட வேண்டியது நிறைய இருக்கிறது. மன்னிக்க முடியாத ஒரு குறையும் இருக்கிறது.

பிரிவு நடந்த வேகத்தை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். 1965 ஆகஸ்ட் 7ஆம் தேதி கோலாலம்பூரில் பிரிவு ஒப்பந்தம் ரகசியமாகக் கையெழுத்தானது. 9ஆம் தேதி மலேசிய நாடாளுமன்றம் ஒரே நாளில் சட்டத்தை நிறைவேற்றியது. சிங்கப்பூர் தரப்பில் கையெழுத்துப் போட்டவர்களில் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த எஸ். ராஜரத்தினமும் ஒருவர். வரைவை எழுதியவர் சட்ட அமைச்சர் ஈ. டபிள்யூ. பார்க்கர். அவ்வளவு அவசரத்திலும் அவர்கள் ஒன்றை மறக்கவில்லை. ஜொகூர் மாநிலம் 1961லும் 1962லும் சிங்கப்பூரோடு செய்திருந்த தண்ணீர் உடன்படிக்கைகளை மதித்து நடக்கும் என்று மலேசிய அரசே உறுதி தருகிறது என்ற வாசகத்தைச் சட்டத்துக்குள்ளேயே சேர்த்தார்கள். பிரிவு ஒப்பந்தத்தை ஐ.நா.விலும் பதிவு செய்தார்கள். அந்த முன்யோசனை வீண்போகவில்லை. சிங்கப்பூரின் வெளியுறவுக் கொள்கை தங்களுக்குக் கேடாக அமைந்தால் ஜொகூர்த் தண்ணீரை நிறுத்திவிடுவோம் என்று நெருக்கலாம் என மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் பிரிட்டிஷ் தூதரிடம் சொன்னது, பிரிவு அறிவிக்கப்பட்ட அதே நாட்களில்தான்.

அதே ஒப்பந்தத்தில் பொருளாதாரத்தைப் பற்றி என்ன எழுதினார்கள்? இரு நாட்டு நன்மைக்காக ஒத்துழைப்போம், தேவைப்பட்டால் கூட்டுக் குழுக்கள் அமைக்கலாம், அவ்வளவுதான். 1963இல் சேரும்போது வாக்களித்த பொதுச் சந்தை சேர்ந்திருந்த காலத்திலேயே வரவில்லை; பிரிந்த பிறகு இரு பக்கமும் ஒன்றின் சரக்குக்கு மற்றொன்று வரியும் தடையும் போட்டன. ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு பிரிவுகள். ஒன்றில் பெயர், தேதி, பொறுப்பு எல்லாம் இருந்தன, மற்றதில் நல்லெண்ணம் மட்டும் இருந்தது. எது நிலைத்தது என்பதை அடுத்த அறுபது ஆண்டுகள் காட்டின.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், நமக்கு அது தெரிந்த வலி. 1962 உடன்படிக்கையின்படி ஜொகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் ஒரு நாளைக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம். உடன்படிக்கை 2061 வரை செல்லும். நம் கணக்கில் சொன்னால் ஆண்டுக்கு ஏறத்தாழ 14.6 டி.எம்.சி. காவிரியில் தமிழ்நாட்டுக்கு உச்ச நீதிமன்றம் ஒதுக்கிய 177.25 டி.எம்.சி.யில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்தத் தண்ணீர் வரும் தடித்த குழாய்கள், ஜொகூர் பாருவையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் காஸ்வேயின் ஓரமாகவே கடலைத் தாண்டுகின்றன. ஆட்சிகள் மாறின, இரு பிரதமர்கள் முகம் கொடுத்துப் பேசாத காலம் இருந்தது, தண்ணீர் வெட்டப்படும் என்று மேடைப் பேச்சுகள் கேட்டன. குழாய் மட்டும் நிற்கவில்லை.

முடிவுத் தேதி எழுதப்பட்டிருந்ததும் நன்மையாகவே முடிந்தது. 1961 உடன்படிக்கை 2011 ஆகஸ்டில் காலாவதியானபோது எந்தச் சண்டையும் இல்லை. நாள் தெரிந்திருந்ததால் சிங்கப்பூர் முன்கூட்டியே வேலையைத் தொடங்கியிருந்தது. 2003இல் கழிவுநீரைச் சுத்திகரித்து ‘நியூவாட்டர்’, 2005இல் துவாஸில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, 2008இல் மரினா அணை. ஜொகூரில் இருந்த பழைய நீர்நிலையங்களை மலேசியாவிடம் கொடுத்துவிட்டு அமைதியாக வெளியேறியது.

தண்ணீர் உடன்படிக்கையின் குறை விலையில் இருக்கிறது. ஆயிரம் கேலனுக்கு 3 சென். நாளொன்றுக்கு முழு அளவு எடுத்தாலும் ஜொகூருக்குக் கிடைப்பது 7,500 ரிங்கிட், சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய். சுத்திகரித்த தண்ணீரை ஜொகூர் திருப்பி வாங்கும் விலை ஆயிரம் கேலனுக்கு 50 சென். ஜொகூர் கேட்டுக்கொண்டபடி சிங்கப்பூர் தரும் 1.6 கோடி கேலனுக்கு இந்தக் கணக்கில் 8,000 ரிங்கிட் ஆகிறது. ஆற்றைக் கொடுப்பவர் வாங்குவதைவிடக் கூடுதலாகக் கட்டுகிறார் என்று ஜொகூர்க்காரர் கொதித்தால் அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. சிங்கப்பூர் தரப்பிலும் பதில் உண்டு. சுத்திகரிக்க ஆகும் செலவு அந்த 50 சென் விலையைப் போலப் பல மடங்கு; ஆற்றில் நீர் குறையாமல் இருக்க லிங்கியூ நீர்த்தேக்கத்துக்கு 1990 ஒப்பந்தத்தின் கீழ் 30 கோடி ரிங்கிட்டுக்கும் மேல் கொடுத்திருக்கிறது. விலையை 25 ஆண்டு கழித்து மறுஆய்வு செய்யலாம் என்று உடன்படிக்கை சொன்னது. அந்த ஆண்டு வந்தபோது மலேசியா வாய் திறக்கவில்லை. இனி அந்த உரிமை இல்லை என்பது சிங்கப்பூரின் வாதம். எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது மலேசியாவின் வாதம்.

சத்திரத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிற காவிரிப் பாலத்தில் நின்று கோடையில் மணலைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தகராறு புதிதாக இருக்காது. சென்னை மாகாணமும் மைசூரும் 1924இல் செய்துகொண்ட ஒப்பந்தத்திலும் 50 ஆண்டு கழித்து மறுபரிசீலனை என்று ஒரு பிரிவு இருந்தது. 1974இல் ஒப்பந்தமே முடிந்துவிட்டது என்றது கர்நாடகம். மறுபரிசீலனைக்குத்தான் நேரம் வந்தது, ஒப்பந்தம் சாகவில்லை என்றது தமிழ்நாடு. 1990இல் நடுவர் மன்றம், 2007இல் இறுதித் தீர்ப்பு, 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதற்குப் பிறகு மேலாண்மை ஆணையம். ஒரே நாட்டுக்குள், தலைக்கு மேல் உச்ச நீதிமன்றம் இருந்தும் நமக்கு இவ்வளவு காலம் பிடித்தது. மேலே யாருமே இல்லாத இரண்டு நாடுகள் தண்ணீர் நிற்காமல் அறுபது ஆண்டு ஓட்டியிருப்பதை, விலைக் குறையோடு சேர்த்தே, பெரிய காரியம் என்றுதான் நான் மதிக்கிறேன். ஆனால் மறுஆய்வுப் பிரிவு எழுதுகிறவர்கள், உரிய காலத்தில் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதற்கு இரண்டு ஆறுகளும் சாட்சி.

தெளிவாக எழுதாதவை என்ன ஆயின? பிரிந்த பிறகும் 1967 ஜூன் வரை இரண்டு நாட்டுக்கும் ஒரே பணம். அதற்குப் பிறகு வேறு வேறு நோட்டு, ஆனால் ஒன்றுக்கு ஒன்று சமம். 1973 மே மாதம் அந்தச் சமன் முடிந்தது. திருச்சி நாணயமாற்றுக் கடைப் பலகையில் மேலும் கீழுமாக எழுதியிருக்கும் சிங்கப்பூர் டாலரும் ரிங்கிட்டும் ஒரு காலத்தில் ஒரே விலை. இன்று ஒரு டாலருக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். 1998இல் மலேசியா மூலதனக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, சிங்கப்பூர்ச் சந்தையில் மலேசியப் பங்குகளை வாங்கி வைத்திருந்த 1.7 லட்சம் பேரின் பணம் ஒரே அடியில் முடங்கியது. 2000இல்தான் வழி பிறந்தது. தஞ்சோங் பகார் ரயில் நிலைய நிலத்தைப் பற்றி 1990இல் ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கு இரு தரப்பும் இரு பொருள் சொன்னதால் 2010 வரை இழுத்தது. 2022இல் மலேசியா கோழி ஏற்றுமதியை மே 23ஆம் தேதி தடை செய்வதாக அறிவித்து ஜூன் 1ஆம் தேதி நிறுத்தியது. சிங்கப்பூர் தின்னும் கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வந்துகொண்டிருந்தது.

இவையெல்லாம் பணமும் சரக்கும். அந்தக் காயம் ஆறும், அடுத்த ஆண்டு சரியாகும். மனிதர்கள் விஷயம் அப்படி இல்லை.

கோவிட் வருவதற்கு முன் காஸ்வேயை நாளொன்றுக்கு 3 லட்சம் பேருக்கு மேல் கடந்தார்கள். விடியற்காலை இருட்டிலேயே ஜொகூர் பாருவிலிருந்து மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டும். அந்த வரிசையில் மலேசியத் தமிழர்கள் ஏராளம். பிள்ளைகள் அந்தப் பக்கம், சம்பளம் இந்தப் பக்கம். 2020 மார்ச் 16 இரவு மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்தது. 18ஆம் தேதி எல்லை அடைபட்டது. இடையில் கிடைத்த ஒரு நாளில், மாற்றுத் துணியைப் பையில் திணித்துக்கொண்டு சிங்கப்பூருக்குள் ஓடினார்கள், வேலை போய்விடும் என்ற பயத்தில். முதல் இரவுகளில் கிராஞ்சி ரயில் நிலையத்தருகே வெட்டவெளியில் படுத்தவர்கள் உண்டு. ஆகஸ்டில் ஒரு ஏற்பாடு வந்தது: மூன்று மாதம் வேலை செய்தால் வீட்டுக்குப் போய் வரலாம். தினமும் வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்களுக்கு அதுதான் சலுகை. 2021 மே மாதம் அதுவும் நின்றது. தரைவழி முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதி. அந்த இரண்டு ஆண்டும் காஸ்வே ஓரக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

இதை நோய்த்தொற்றுக் காலத்து அவசரம் என்று ஒதுக்கிவிட நான் தயாராக இல்லை. தண்ணீர் உடன்படிக்கையை மதித்து நடப்போம் என்று எழுதியிருந்தார்கள், நெருக்கடியிலும் அது சென்றது. தினமும் கடக்கும் தொழிலாளியைப் பற்றி எந்தப் பத்திரத்திலும் ஒரு வரி இல்லை. ஆகவே எல்லை மூடிய அன்று அவர் தரப்பில் எடுத்துக் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. விஷயத்துக்கு விஷயம் ஒப்பந்தம் என்ற முறையின் அடிப்படைக் குறை இது: மேசைக்கு வரும் விஷயத்துக்கு மட்டுமே பாதுகாப்பு. தண்ணீருக்காகப் பேச அரசுகள் இருந்தன. தொழிலாளிக்காகப் பேச யாரும் உட்காரவில்லை.

பிரிட்டன் இதில் வேறு வழி போனது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு பிரிவுப் பேச்சு தொடங்கியபோது வணிகத்தைத் தொடுவதற்கு முன்பே, ஏற்கெனவே குடியிருப்பவர்களின் உரிமை பேசப்பட்டது. அது விலகல் ஒப்பந்தத்திலேயே ஏறியது. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்கள் அதன்படி பிரிட்டனில் தங்கும் உரிமை பெற்றார்கள். ஆனால் சரக்கு விஷயத்தில் பிரிட்டன் பட்ட பாடு பெரிது. 2023இல் ஐரோப்பியத் தரமுத்திரையைக் காலவரையின்றி ஏற்றுக்கொண்டது. 2025 மே மாதம், உணவுப் பொருள் விதிகளில் ஒன்றியம் மாற்றுவதைத் தானும் மாற்றிக்கொண்டு போவதற்குக் கொள்கையளவில் இசைந்தது. விதி எழுதும் இடத்தில் வாக்கு இல்லை, பின்பற்றும் கடமை மட்டும் உண்டு. சிங்கப்பூர் அந்த நிலைக்கு ஒருபோதும் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தன் சட்டத்தைத் தானே எழுதியது. கூட வைக்க வேண்டியதை மட்டும் கூட வைத்துக்கொண்டது.

ஒரே நாடாக இருந்த உறவின் சுவடு வேலை அனுமதி விதிகளில் இன்னும் இருக்கிறது. ஒர்க் பெர்மிட்டில் ஒரு மலேசியரை எடுக்கும் முதலாளி பிணைப்பணம் கட்ட வேண்டியதில்லை. துறையூர்க்காரரை எடுத்தால் 5,000 சிங்கப்பூர் டாலர் பிணை வேண்டும். மலேசியர் பக்கத்துக் குடும்பம். நம் ஆள் தொலைவிலிருந்து வந்தவர். ஆனால் எல்லை மூடியபோது பக்கத்துக் குடும்பத்துக்கே அந்தக் கதி என்றால், நம் ஆட்களின் நிலையை யோசிக்க வேண்டும்.

இப்போது புதிதாக எழுதும் காலம் வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜொகூர் பாருவுக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையே புதிய ரயில் இணைப்பும் அமைகிறது. முதலீட்டுக்கும் சரக்குக்கும் வழி செய்யும் அந்தத் தாள்களில், நெருக்கடி வந்தால் தினமும் கடப்பவர் வீடு திரும்பும் உரிமையும் ஒரு பிரிவாக ஏற வேண்டும். 1965இல் தண்ணீருக்கு மலேசிய அரசு தந்தது போன்ற உறுதியாக அது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த எதுவும் பயன்படாது.

நம் பங்கும் இதில் இருக்கிறது. இந்தியாவும் சிங்கப்பூரும் 2005 ஜூன் 29ஆம் தேதி கையெழுத்திட்ட விரிவான பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தம் தொழில்முறைப் பணியாளர்களின் போக்குவரத்தைப் பற்றிப் பேசுகிறது. கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் ஒர்க் பெர்மிட்டில் போகிறவர்களை அது தொடவில்லை. துறையூர், முசிறி, மண்ணச்சநல்லூர், லால்குடி நான்கும் பெரம்பலூர் மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன. அந்த உறுப்பினரும் திருச்சி உறுப்பினரும், ஒப்பந்தம் அடுத்து மறுஆய்வுக்கு வரும்போது மூன்று பிரிவுகளைக் கேட்டு வாங்க வேண்டும்: ஏஜென்ட் கட்டணத்துக்கு இரு நாடும் சேர்ந்து ஒரு உச்சவரம்பு, பெர்மிட்டை ரத்து செய்தால் பாக்கிச் சம்பளத்தைத் தீர்த்த பிறகே ஊருக்கு அனுப்புதல், எல்லை மூடும் காலத்தில் தங்க இடத்துக்கும் ஊர் திரும்பவும் யார் பொறுப்பு என்பது. உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் அங்கே வேலை செய்தால், இந்த மூன்றையும் எழுதி அந்த உறுப்பினர்களின் அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.