சக்கரம் எண்ணும் தூரம்

1968 நவம்பர் 24 அன்று லண்டனிலிருந்து 98 கார்கள் ஒரு மாரத்தான் ராலிக்காகச் சிட்னியை நோக்கிக் கிளம்பின. ஐரோப்பா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் கடந்து தில்லி, பம்பாய். அங்கிருந்து 'சூசான்' கப்பலில் ஃப்ரீமேன்டில். பிறகு ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. பம்பாய்க்கு வந்தபோது முன்னணியில் இருந்தது ரோஜர் கிளார்க்கின் லோட்டஸ் கார்ட்டினா. டிசம்பர் 17 அன்று சிட்னியில் வென்றது ஆண்ட்ரூ கோவன் குழுவின் ஹில்மன் ஹன்டர். இடையில் முன்னணியைப் பிடித்த லூசியன் பியாங்கியின் சித்ரோயன், முடிவுக்குக் கொஞ்ச தூரமே இருக்கையில் நௌரா அருகே ஒரு மினியோடு மோதி நின்றுபோனது.

அந்தப் பாதையை இன்றும் தேடித் தேடி ஓட்டுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வரைபடத்தைவிட முக்கியம் ரோடு புக். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சின்னப் படம், பக்கத்தில் தொடக்கத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், முந்தைய திருப்பத்திலிருந்து எத்தனை என்ற கணக்கு. இதைப் பிழையில்லாமல் படிக்க, தூரத்தைப் பத்து மீட்டர் துல்லியத்தில் சொல்லும் கருவி ஒன்று வேண்டும். 40.26-ல் இடதுபக்கம் திரும்பச் சொல்லியிருக்கும்போது 40.5-ல் போய் நின்றால், அந்த இடதுபக்கத் தடம் புதருக்குப் பின்னால் ஒளிந்தே கிடக்கும்.

இந்தக் கருவிகளைத்தான் சோதித்தேன். இந்தியாவில் பம்பாய்க்குத் தெற்கே அந்த மாரத்தான் வரவில்லை. அதன் ஒழுங்கில் ஓட்டிப் பார்க்க நம் எல்லையோரச் சாலைகள் போதும். வாளையாறில் தொடங்கி கஞ்சிக்கோடு, மேனோன்பாறை, கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர், மூணாறு, பூப்பாறை, போடிமெட்டு. தமிழ்நாட்டுக்குள் போய், கேரளத்துக்குத் திரும்பி, மறுபடியும் தமிழ்நாட்டு வாசலில் முடிகிற பாதை. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடைப் பலகைகளிலும் பேச்சிலும் இரு மொழியும் கலந்திருக்கும். தோப்புகளுக்கு நடுவே பிரியும் குறுக்குச் சாலைகள் எல்லாம் ஒரே முகம். ரோடு புக் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

வண்டி, ஜிப்ஸி கிங். 1985-ல் மாருதி கொண்டுவந்த ஜிப்ஸி, பின்னால் 1298 சிசி இன்ஜினோடு கிங் ஆகி, இந்திய ராலிகளில் பல்லாண்டு ஓடிய வண்டி. நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங். குலுக்கல் உண்டு, ஆனால் எந்தப் பகுதியையும் சாலையோரப் பட்டறையிலேயே கழற்றி மாட்டலாம்.

சோதித்தவை மூன்று. முதலாவது, நண்பர் ஒருவர் பாதுகாத்து வைத்திருக்கும் ஹால்டா ட்வின்மாஸ்டர். தட்டச்சுப் பயிற்சிக்குப் போனவர்களுக்கு ஹால்டா என்ற பெயர் பழக்கம்தான். டாக்ஸி மீட்டரும் செய்த அந்த ஸ்வீடன் நிறுவனத்தின் பெயரில் வந்த ராலிக் கருவி இது. ஸ்பீடோமீட்டர் கேபிளிலிருந்து கிளை எடுத்து ஓடும். உள்ளே இரண்டு எண்ணிகள்: ஒன்று மொத்தத் தூரம், மற்றொன்று திருப்பத்துக்குத் திருப்பம் பூஜ்யமாக்கிக்கொள்ள. டயர் அளவுக்கு ஏற்பப் பல்சக்கர ஜோடியை மாற்றிப்போட வேண்டும். இரண்டாவது, முன்சக்கரத்தில் உணரி பொருத்திய டிஜிட்டல் டிரிப்மீட்டர். சக்கரத்தின் ஐந்து போல்ட்டுகள் கடப்பதை எண்ணும். மூன்றாவது, ஜிபிஎஸ்ஸை நம்பி ஓடும் ஒரு கைபேசிச் செயலி.

பொள்ளாச்சி வரை மூன்றும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டின. சமவெளி, திறந்த வானம். செயலிதான் வசதியாகவும் இருந்தது: சராசரி வேகம், செயற்கைக்கோள் நேரம், நாம் எத்தனை விநாடி முந்தி அல்லது பிந்தி என்பதெல்லாம் தானே கணக்காகிறது. டிஎஸ்டி ராலியில், அதாவது குறித்த வேகத்தில் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேரும் போட்டியில், இது பெரிய உதவி.

உடுமலையைத் தாண்டிக் காட்டுக்குள் ஏறியதும் நிலைமை மாறியது. ஜிபிஎஸ்ஸுக்குக் கைபேசிச் சிக்னல் தேவையில்லை. சின்னாறில் டவர் போய்விட்டாலும் அது வேலை செய்யும். சிக்கல் வேறு. செயலி பெரும்பாலும் விநாடிக்கு ஒருமுறை புள்ளி வைத்து, புள்ளிகளுக்கிடையே நேர்கோடு போடுகிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் புள்ளிக்குப் புள்ளி பத்து மீட்டர். வளைவில் வண்டி வில்லாகப் போகிறது, செயலி நாணாக அளக்கிறது. பத்து மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவைச் சற்று வேகமாகத் திரும்பினால் நூற்றுக்கு இரண்டு வரை குறையும். பாறைச் சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னல் புள்ளியையே இடம் மாற்றும். நின்றுகொண்டிருக்கும்போது புள்ளி அலைந்து, போகாத தூரத்தையும் கூட்டும். மறையூரிலிருந்து மூணாறு போவதற்குள் செயலி ஏறக்குறைய அரை கிலோமீட்டர் குறைத்துக் காட்டியது. மணிக்கு 30 கிலோமீட்டர் சராசரி கேட்கும் போட்டியில் 100 மீட்டர் பிசகு என்றால் 12 விநாடி. அரை கிலோமீட்டர் என்றால் ஒரு நிமிடம் போச்சு.

சக்கரத்தை எண்ணுகிற கருவிக்கு இந்தத் தொல்லை கிடையாது. வளைவோ ஏற்றமோ, டயர் உருண்ட அளவே கணக்கு. அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. ஜிப்ஸியின் 205/70 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.1 மீட்டர். பட்டன் ஐந்து மில்லிமீட்டர் தேய்ந்தால் சுற்றளவு மூன்று சென்டிமீட்டர் சுருங்கும். கிலோமீட்டருக்கு 15 மீட்டர் கூடுதலாகக் காட்டும். ஆகவே டயர் தேயத் தேய மறு அளவீடு செய்ய வேண்டும். கிளம்புமுன் காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, அளவு தெரிந்த நேர்சாலையில் ஓட்டிப் பார்த்து எண்ணைத் திருத்துவது இந்த வேலையின் பாதி. அலுக்காமல் செய்யுங்கள்.

ஹால்டாவுக்கும் உணரிக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு. ஜிப்ஸியில் ஸ்பீடோ கேபிள் டிரான்ஸ்பர் கேஸிலிருந்து வருகிறது; டூ-வீல் டிரைவில் அது பின்சக்கரங்களின் கணக்கு. தளர்ந்த ஜல்லி ஏற்றத்தில் பின்சக்கரம் வழுக்கிச் சுழன்றால், போகாத தூரமும் ஏறிவிடும். தேயிலைத் தோட்டத்துக் கல்பாவிய கிளைத்தடம் ஒன்றில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். முன்சக்கர உணரி அங்கே அசரவில்லை. ஆனால் ஹால்டாவின் எண்கள் வெயிலிலும் மூடுபனியிலும் ஒரே தெளிவு. சின்னாறின் மழைமறைவு வெயிலில் கைபேசித் திரை கருத்துப்போனது; சூடேறியதும் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொண்டது. அழைப்பு ஒன்று வந்தால் தூரமே மறைந்துவிடுகிறது. ஓடும் வண்டியில் இதைப் பொறுக்க முடியாது.

இன்னொன்று, யானை. மூணாறு வட்டாரத்தில் 'படையப்பா' என்று எல்லோரும் அறிந்த கொம்பன் உலவுகிறது. சின்னாறிலும் யானை சாலைக்கு வருவது வழக்கம். கண்டால் சத்தமில்லாமல் பின்னோக்கி எடுப்பதுதான் ஒரே வழி. உணரிக்கு முன்பின் தெரியாது, பின்னால் போனதையும் கூட்டும். டிஜிட்டல் கருவியில் கழிக்கும் பொத்தான் இருந்தது. ஒரு தட்டில் கணக்கு நேரானது. வாங்கும்போது அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். யானை எதிரே நிற்கும் நேரத்தில் விநாடிக் கணக்கை மறந்துவிடுவதும் அவசியம். மாலைக்கு முன்பே சின்னாறைக் கடந்துவிடும்படி திட்டமிடுங்கள்.

என் தேர்வு முன்சக்கர உணரி. கம்பியைச் சேறு படாமல் கட்டி, தாங்கியை வெல்டிங் பட்டறையில் உறுதியாகச் செய்துகொண்டால் வருடக்கணக்கில் உழைக்கும். செயலியை நேரம் பார்க்க மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஹால்டா கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் பல்சக்கர ஜோடிகளும் கூடவே வருகின்றனவா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். அவை இல்லாத ஹால்டாவை உங்கள் டயருக்கு ஏற்பத் திருத்த முடியாது.