தாய் திட்டியதால்

கைபேசி பார்த்ததைத் தாய் கண்டித்ததால் மனமுடைந்த மாணவி விபரீத முடிவு. நம் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் ஊரும் வயதும் மட்டும் மாறி, இந்த வாக்கியம் ஆண்டுக்கணக்காக அச்சாகிவருகிறது. கவிதையை வாசிப்பதுபோல இதையும் சொல் சொல்லாக வாசியுங்கள் என்று என் மாணவிகளிடம் சொல்வதுண்டு.

இதற்குள் இருப்பவர்கள் இரண்டே பேர்: மகள், தாய். அப்பாவைக் காணோம். பள்ளிக்கூடத்தைக் காணோம். படத்தை வைத்து மிரட்டியவன் யாராவது கைபேசியின் மறுமுனையில் இருந்திருந்தால் அவனையும் காணோம். 'மனமுடைந்து' என்னும்போது மனம் கைதவறிய கண்ணாடி டம்ளர்போலத் தானாக உடைகிறது. பழி மட்டும் 'ஆல்' என்ற வேற்றுமை உருபில் ஏறித் தாயின் தலையில் உட்கார்ந்துகொள்கிறது. அவள் ஏன் திட்டினாள்? மகளைப் பற்றி ஊர் ஒரு வார்த்தை பேசினால் "வளர்த்த லட்சணம்" என்று கேட்கப்படுபவள் அவள்தானே. குடும்பம் அவளைக் காவலுக்கு வைத்தது; செய்தி அவளையே குற்றவாளியாக்கியது.

பரபரப்பாகத் தலைப்பிடக் கூடாது, இறந்த முறையை விவரிக்கக் கூடாது, படம் போடக் கூடாது என்று இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019-இல் வழிகாட்டுதல் தந்தது. பல நாளிதழ்கள் எளிதானதை மட்டும் எடுத்துக்கொண்டன: செய்திக்கு அடியில் உதவி எண் போட்ட ஒரு கட்டம், சிகரெட் பெட்டியின் எச்சரிக்கைபோல. (எண் வேண்டியதுதான். மேலே இருக்கும் வாக்கியம்தான் வேண்டாதது.)

பள்ளிகளின் விழிப்புணர்வுப் பேச்சும் பெரும்பாலும் இதே இலக்கணத்தில்தான் நடக்கிறது. "கோழைகளின் முடிவு", "பெத்தவங்களை நினைச்சுப் பாருங்க." தான் வீட்டுக்குப் பாரம் என்று ஏற்கெனவே நம்பத் தொடங்கிவிட்ட பெண்ணுக்கு இது இன்னொரு குற்றச்சாட்டாகவே கேட்கும். அப்படியொரு கூட்டம் முடிந்ததும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "சொன்னா வீட்ல சொல்லிடுவீங்களா, மிஸ்?" மேடையில் யாரும் தொடாத கேள்வி அது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகரை அமர்த்த வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்லது. ஆனால் தான் விரும்பும் பையனின் சாதி அன்று மாலையே அப்பாவின் காதுக்குப் போய்விடும் என்றால் அவள் அந்த அறை வாசலை மிதிக்கமாட்டாள். உயிருக்கு ஆபத்து என்றால் யாரிடம் எதைச் சொல்ல நேரும், மற்றபடி எதைச் சொல்லமாட்டோம் என்பதை முதலிலேயே அவளிடம் பேசியாக வேண்டும்.

உபதேசத்தைவிட ஏற்பாடுகள் அதிகம் காப்பாற்றியிருக்கின்றன. தேர்வில் தோற்றவர்கள் ஓராண்டை இழக்காமல் உடனே மறுபடி எழுதத் தமிழ்நாட்டில் துணைத் தேர்வு வந்தது. 1986-இல் சென்னையில் 'சினேகா'வைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் இதற்காக வாதாடினார்கள். இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்த பிறகு தற்கொலைகள் பெருமளவு குறைந்தன. இரண்டிலும் யாரும் யாரையும் கோழை என்று திட்டவில்லை.

தேர்வு முடிவு வாரத்தோடு நம் அக்கறையும் முடிந்துவிடுகிறது. 2021-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த பெண்கள் 45,026 பேர். அவர்களில் 23,178 பேரின் தொழிலைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 'இல்லத்தரசி' என்று பதிந்தது. நேற்று வகுப்பில் உட்கார்ந்து "தைரியமாக இரு" என்று கேட்டவள்தான், கல்யாணத்துக்குப் பிறகு இந்தக் கட்டத்துக்குள் வருகிறாள். கல்யாணமாகி ஏழு ஆண்டுக்குள் அவள் இப்படி இறந்தால் கோட்டாட்சியர் வந்து விசாரிப்பார். அதற்கு முன் விசாரிக்க ஆள் யார்?

அவள் வாராவாரம் வருகிற இடம் ஒன்று உண்டு: சுயஉதவிக் குழுக் கூட்டம். அங்கே தவணை பாக்கியைக் கேட்கிறார்கள். அதோடு இதையும் கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை, நேராகக் கேட்பதே பேச வழிவிடும் என்றுதான் இத்துறை மருத்துவர்கள் சொல்கிறார்கள். "செத்துடலாம்னு தோணுதா, தங்கச்சி?" என்று தனியே கூப்பிட்டுக் கேட்டு, அவள் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்டு, 14416 அல்லது 104-ஐ அவளோடு உட்கார்ந்தே அழைக்கலாம். வீட்டில் அவளுக்கென்று கைபேசி இல்லாமல் இருக்கலாம். குழுத் தலைவியின் கைபேசியிலிருந்து அழைத்தால் போதும்.