‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படம் காட்டாத பாளையங்கள்: போடிநாயக்கனூரை முன்வைத்து

பி.ஆர். பந்துலு இயக்கிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) பாளையக்காரர் போரைத் தமிழர் நினைவில் நிலைநிறுத்திய படம். எதிர்த்தவர், காட்டிக்கொடுத்தவர் என்னும் இருமையே அதன் கட்டமைப்பு. ‘எட்டப்பன்’ என்பது எட்டயபுரம் ஆட்சியாளர்தம் மரபுப்பெயர். அது துரோகியைச் சுட்டும் பொதுச்சொல்லாக இன்று வழங்குவதில் இப்படத்தின் பங்கு பெரிது.

ஏலமலைச் சரிவின் அடியில் அமைந்த போடிநாயக்கனூரிலிருந்து நோக்கின் இவ்விருமை போதாமை புலனாகும். அதுவும் திண்டுக்கல் சீமையைச் சேர்ந்த ஒரு பாளையமே. அதே சீமையின் விருப்பாட்சி கோபால நாயக்கர் ஆங்கிலேயரை எதிர்த்து 1801இல் தூக்கிலிடப்பட்டார். போடியோ ஆங்கிலேயர் ஆட்சியில் ஜமீனாக நீடித்தது. அழிந்த பாளையம் காவியமாயிற்று. நீடித்த பாளையத்திற்குத் திரையில் எட்டப்பன் வேடம் தவிர வேறு வேடம் இல்லை.

படம் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் நிகழ்ந்த தூக்குடன் நிறைவுறுகிறது. எனவே ஊமைத்துரையும் மருது சகோதரரும் கோபால நாயக்கரும் கைகோத்த 1801ஆம் ஆண்டுக் கிளர்ச்சி பார்வையாளர் நினைவில் இடம்பெறவில்லை. போர்க்காட்சிகள் ஜெய்ப்பூரில் படமாக்கப்பட்டமை குறையன்று. திரைக்கு அவ்வுரிமை உண்டு. தனிவீரன் ஒருவனின் தன்மானமாகப் போரைச் சுருக்கியதே குறை. வரி தண்டலும் காவல் உரிமையும் கும்பினியின் கைக்கு மாறியமையே பூசலின் உள்ளீடு. அம்மாற்றம் 1802ஆம் ஆண்டின் நிலையான நிலவரித் திட்டத்தால் சட்டவடிவம் பெற்றது. பாளையங்கள் ஜமீன்களாகிய அக்கதைக்கு வசனம் எழுதப்படவில்லை. போடியின் வரலாறு அக்கதையுள் அடங்கும்.