மேஜையளவு கல்

1941-ல் அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தம் நண்பரும் உச்சநீதிமன்ற நீதிபதியுமான ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரிடம் ஒரு விஷயம் சொல்லி வைத்தார்: தமக்கு நினைவுச் சின்னம் என்று ஏதாவது வைப்பதானால் அது தம் மேஜையைவிடப் பெரிதாக இருக்க வேண்டாம். இடத்தையும் குறிப்பிட்டார். வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தின் முன்னுள்ள புல்தரை. அலங்காரம் கூடாது. 1965 ஏப்ரல் 12 அன்று, அவர் இறந்து 20 ஆண்டுகள் நிறைந்தபோது, அங்கே ஒரு வெண்சலவைக்கல் வைக்கப்பட்டது. செலவு நண்பர்களுடையது. கல்லில் பெயர், இரண்டு ஆண்டுகள், ‘நினைவாக’ என்ற சொல். அவ்வளவுதான்.

மேஜையை அளவுகோலாகச் சொன்னதுதான் இதில் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1921-ல், 39 வயதில், இளம்பிள்ளை வாதம் என்று வைத்தியர்கள் முடிவு செய்த நோயில் கால்கள் விழுந்துபோன மனிதர் அவர். நாட்டை ஆண்டது மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துதான். குதிரைமேல் வீற்றிருக்கும் தலைவன் என்ற படிமத்துக்கு நேர் எதிர் இது. எண்ணிச் சொன்னாரோ இல்லையோ, சொல்லில் வந்து விழுந்துவிட்டது. (நாளெல்லாம் மேஜையடியில் உட்கார்ந்து பேரேட்டில் பதிவு போடுகிறவனுக்கு இதில் கொஞ்சம் சொந்தப் பிரீதியும் உண்டு.)

ஆனால் அரசாங்கத்துக்கு மேஜையளவு போதவில்லை. 1955-லேயே ஒரு கமிஷன் அமைத்தாகிவிட்டது. 1960 போட்டியில் வென்ற திட்டம் வானளாவிய கான்கிரீட் பலகைகள். பொதுஜனம் அதைக் கேலி செய்தே கொன்றது. 1966-ல் மார்ஸல் பிராயர் கருங்கல் சுவர்களும் ரூஸ்வெல்ட்டின் குரல்பதிவும் வைத்து ஒன்று தந்தார், அதுவும் நிராகரிக்கப்பட்டது. நவீனம் என்பதற்காகவே நாம் இவற்றுக்குக் கட்சி கட்ட வேண்டியதில்லை. அரூபமும் அளவுக்கு மீறிப் பெருத்தால் மேடைப்பேச்சுதான்.

1974-ல் லாரன்ஸ் ஹால்ப்ரின் தேர்ந்தெடுக்கப்பட்டார். திறந்தது 1997-ல். ஏழரை ஏக்கர், நான்கு பதவிக் காலங்களுக்கு நான்கு திறந்தவெளி அறைகள், செந்நிறக் கருங்கல், தண்ணீர். இந்தத் தண்ணீர்தான் அவருடைய உண்மையான பாஷை. பொருளாதார வீழ்ச்சிக்கு ஒரே பாய்ச்சலாக விழுகிறது. யுத்தத்தின்போது சிதறிய பாறைகளில் முட்டி மோதுகிறது. சாவுக்கு அசையாமல் தேங்குகிறது. இவ்வளவும் செய்த கலைஞனுக்கு அதன்மேல் நம்பிக்கையில்லை. சுவரெல்லாம் மேற்கோள்கள்! நம் அஞ்சலிக் கவிதைகளில் நாலாவது வரியிலேயே முடிந்துபோன விஷயம் நாற்பதாவது வரிவரை நடக்குமே, அதுபோல. ஜார்ஜ் ஸீகலின் வெண்கல மனிதர்கள், ரொட்டிக்காக வரிசையில் நிற்பவர்கள், விதிவிலக்கு. அவர்கள் யாருக்கும் எதையும் விளக்கவில்லை.

தகராறு ரூஸ்வெல்ட்டின் சிலையில் வந்தது. நீல் எஸ்டர்ன் செய்த உருவத்தில் பெரிய மேலங்கி நாற்காலியை மூடியிருக்கிறது. சிறு சக்கரங்கள் பின்னால் போய்ப் பார்த்தால்தான் தெரியும். உடல் ஊனமுற்றோர் அமைப்புகள் எதிர்த்தன. உயிரோடிருக்கையில் அவரே சக்கர நாற்காலியை மறைத்துத்தானே வந்தார், அவர் விருப்பத்தை மீறலாமா என்று மறுதரப்பு கேட்டது. வேடிக்கையான வாதம். அளவைப் பற்றி அவர் வாய்விட்டுச் சொன்ன விருப்பத்தை ஏழரை ஏக்கரில் புதைத்தவர்கள், சொல்லாத விருப்பத்துக்குக் காவல் நிற்கிறார்கள்.

வெண்சலவைக்கல்லிலும் நாற்காலி இல்லைதான். ஆனால் அங்கே முகமும் இல்லை, கையும் இல்லை. எதுவும் சொல்லாத இடத்தில் ஒன்றை மறைத்ததாகாது. முகம், அங்கி, நாய்க்குட்டி ஃபாலா வரை சொல்லப் புறப்பட்டபின் நாற்காலியை மட்டும் துணியால் மூடுவது பொய். சிக்கனத்துக்கும் ஒளிவுக்கும் உள்ள இந்த வித்தியாசம் நம் கவிதையிலும் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகிறது.

2001 ஜனவரியில் ராபர்ட் கிரஹாம் செய்த இன்னொரு சிலை நுழைவாயிலில் சேர்ந்தது. பீடமில்லை. ஆளளவு மனிதர், அவர் பயன்படுத்திய மாதிரியான சிறிய சக்கர நாற்காலியில், தரையோடு தரையாக. சக்கர நாற்காலியில் வரும் குழந்தை அவர் முகத்தை நேருக்கு நேர் பார்க்கலாம். உள்ளே வெண்கலத்தில் பிரெய்ல் எழுத்தும் உண்டு. புள்ளிகள் பெரிதோ பெரிது. விரலால் தடவிப் படிக்க வந்தவர்களுக்கு அது எழுத்தாகவே இல்லை.